ஒன்பது புள்ளி இரண்டு

இந்த ஊரின் ரத்தம்
என் கண்ணாடிமேல்தான் கவிழ்ந்து படுக்கிறது.
கோத்தகிரி ராம்சந்தில், மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே
ஆறடிக்கு எட்டடி ஜெராக்ஸ் கடை.
பக்கம் இரண்டு ரூபாய்.
படிக்கக் கூடாது என்றுதான் இருக்கிறேன்.
எழுத்து தானாய்க் கண்ணில் ஏறினால் என்ன செய்ய?

அரவேணு மெக்கானிக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.
கட்டபெட்டில் கொழுந்து பறிக்கும் புஷ்பலீலாவுக்கு
ஹீமோகுளோபின் ஏழரை.
"ஏழரையா? சனிதான்க்கா" என்று சிரித்தாள்.
தாளை நாலாய் மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகி
ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.
அந்த ஏழரையை வைத்துக்கொண்டு
எப்படித்தான் ஓடினாளோ.

என்னுடையதை நானே நகலெடுத்தேன்.
வைட்டமின் டி: ஒன்பது புள்ளி இரண்டு.
முப்பது இருக்க வேண்டுமாம்,
எதிரே பொடி எழுத்தில்.
ஆறு மாதமாய் மூன்று மணிக்குமேல்
வீட்டுப் படியேற முழங்கால் மறுக்கிறது.
பேப்பர் கட்டைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது.
ஜூனிலிருந்து மஞ்சு கதவில் ஒட்டிக்கிடக்கிற ஊரில்
எனக்கென்று வெளிச்சம் உண்டென்றால்
மூடிக்குக் கீழே இடமிருந்து வலம் ஓடும்
அந்தப் பச்சைக் கோடுதான்.
பதினாறு வருடமாய் அந்த வெயிலில் காய்கிறேன்.

போஜராஜ் அண்ணன் வந்தார்.
தேயிலை ஃபேக்டரி வேலை போனபின் டப்பா விற்கிறார்.
ஏதோ இலைமாவு, இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
காலையில் ஒரு ஸ்பூன், வெந்நீரில்.
"பத்தே நாள், படி இருக்கிறதே தெரியாது உனக்கு."
அவர் நோட்டீஸை இருநூறு பிரதி போட்டதும் நான்தான்.
அதில் ஒரு ஆள் மலையுச்சியில் கை தூக்கி நிற்பான்.
நம் மலை இல்லை, அவ்வளவு வெயில் நமக்கேது.
நகலில் அவன் முகம் கரியாகிவிட்டது,
கை மட்டும் உற்சாகமாய்.

"யோசிக்கிறேன்" என்றேன்.
நிஜமாகவே யோசித்தேன்.
ஆயிரத்து முந்நூற்று இருபது பக்கம்.
அத்தனை தடவை மூடியைத் தூக்கி இறக்கவேண்டும்.
தெம்பைச் செலவழித்துத் தெம்பு வாங்கும் கணக்கு
எப்படிப் போட்டாலும் இடித்தது.
ஆனாலும் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன்.
புது டப்பாவின் மூடி திறக்கும்போது
ஒரு சத்தம் வருமே, அதற்காகவே.

மறுவாரம் நகைக்கடன் படிவத்தோடு வந்தார்.
வளையல் இரண்டு, பதினெட்டு கிராம்.
நான் படிக்கவில்லை, மெஷின் படித்தது.
"டப்பா இருக்காண்ணே?"
"கட்டிலுக்கடியில முப்பத்தொண்ணு இருக்கு."
நீங்க குடிக்கிறீங்களா என்று கேட்க வாயெடுத்து
"டீ சொல்லவா?" என்றேன்.
எட்டு ரூபாயை மேஜையில் வைத்துப் போனார்.
எடுக்க மனமில்லை. எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் நிலோஃபர் எழுதியது
வாரம் ஒரு பொட்டலம், எட்டு வாரம், பாலில்.
"அப்புறம்?"
"அப்புறம் மறுபடி ரத்தம் பார்க்கலாம்."
உச்சி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
கையையும் தூக்கவில்லை, அடுத்த சீட்டை எடுத்தார்.
அந்தச் சலித்த குரலை ஏனோ நம்பினேன்.

டோனர் தீர்ந்தால் சிவப்பு விளக்கு எரியும்.
புதுசு வாங்குமுன் எல்லாரும் செய்வதுதான்:
கழற்றி, இடவலமாய் நாலு குலுக்கு.
இன்னும் ஐம்பது பக்கம் வரும்.
ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய தூள்தான் அது.
என்னையும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன்,
காபியால், வெல்லத்தால், சிலநாள் வெறும் கோபத்தால்.

மூன்றாவது ஞாயிறு. பொட்டலத்தைக் கரைத்தேன்,
என்ன பழமென்று சொல்லமுடியாத ஒரு மணம்.
படியேறினேன். முழங்கால் பேசவில்லை.
பொட்டலம்தானா,
இல்லை, இரண்டு நாளாய் அதிசயமாய் அடிக்கும் வெயிலில்
ஷட்டருக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததா,
தெரியாது.

மறுநாள் புஷ்பலீலா, புது ரிப்போர்ட்டோடு.
ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரை
பையில் கிலுகிலுத்தது.
"படிச்சுச் சொல்லுக்கா."
முதல்முறையாய்க் கேட்டுக்கொண்டு படித்தேன்:
எட்டு புள்ளி ஒன்று.
"சனி விட்டுச்சு!"
எதிரே பன்னிரண்டு என்று அச்சிட்டிருந்தது.
அவள் சிரித்து முடிக்கட்டும் என்று
மூடியை மெதுவாக இறக்கினேன்.